சென் ஜோர்ஜஸுக்குக் கொண்டுபோன பொதி

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக விமலாக்காவின் பொதியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கராஜுக்குள் வைத்தேன். பல்கூடத் தீட்டவில்லை. நேற்றுப் பின்னேரம் அவர், மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி, முன் கதவடியில் வைத்துவிட்டுப் போன பொதி அது. பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி, துவாயால் இறுக்கி, அதற்கும் மேலே நாடா ஒட்டியிருந்தாலும் கருவாட்டுக்கு வெளியே வரும் வழி தெரிந்திருக்கிறது. படுக்கையறை வரைக்கும் வந்து என்னை எழுப்பிவிட்டது. கராஜுக்குள் கால் வைத்ததும் மாசி மாதக் குளிர் உள்ளங்காலில் ஏறியது. பொதியைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே நின்று உன்னைத் திட்டினேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு.

ஐப்பசியில் உன்னை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து உன்னைத் திட்டுவது எனக்குப் பழகிவிட்டது. மற்றவர்கள் உன் படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். நான் மட்டும் 'என்னை இதுக்குள்ளை மாட்டிவிட்டிட்டுப் போட்டாய்' என்று பல்லைக் கடிக்கிறேன். உன் கணவருக்கு அது விளங்குவதில்லை. துக்கம் தாங்காமல் இருக்கிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணீர் போட்டுத் தருகிறார்.

எதற்குள் மாட்டிவிட்டாய் என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. விமலாக்காவின் மகள் ஆரணி கிறெனேடாத் தீவில் டொக்டருக்குப் படிக்கிறாள் என்பது ஸ்காபரோ தொடங்கி மார்க்கம் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த அதே மாடியில், கணவர் இல்லாமல், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைசெய்து அந்தப் பிள்ளையை வளர்த்தவர் விமலாக்கா. 'என்ரை டொக்டர்' என்று தொடங்காமல் அவருக்கு ஒரு வசனம் வராது. அந்த டொக்டர் படிப்பை விட்டு நெடுநாளாகிவிட்டது என்பது தெரிந்தவர்கள் இந்த ரொறொன்ரோவில் இரண்டு பேர்தான். நீயும் நானும். இப்போது நான் மட்டும்.

நேற்று என்ன நடந்தது என்று கேள்.

"சின்னப் பார்சல்தான் பிள்ளை," என்றார், கதவுக்குள்ளால் நுழையாத பொதியைத் தொடையால் தள்ளியபடி. "கொஞ்சம் மிளகாய்த்தூள், கொஞ்சம் புட்டுமா, ஒடியல்மா. கருவாடு நாலைஞ்சு துண்டு."

"அக்கா, போனமுறை கருவாட்டை எயாப்போட்டிலையே பறிச்சுப்போட்டினம்."

"அது உம்மடை சினேகிதிக்கு ஆறுதலாக் கதைக்கத் தெரியாது. செத்த ஆளைச் சொல்லக்கூடாது. நீர் மெல்லமாச் சொன்னா விடுவினம்."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார். கையுறையைக் கழற்றினார். வழக்கமாகக் களைத்துப்போய் வருகிற முகம் நேற்று மினுங்கியது.

"ஹோல் பாத்திட்டன்," என்றார்.

"என்ன ஹோல் அக்கா?"

"ஆரணியின்ரை பார்ட்டிக்கு. வைகாசியிலை முடிக்கிறாளெல்லே? மார்க்கத்திலை நல்ல ஹோல், பார்க்கிங் தாராளம். அடுத்த கிழமை கார்ட் அடிக்கக் குடுக்கவேணும். பேருக்கு முன்னாலை டொக்டர் எண்டு போடுறதோ, பின்னாலை எழுத்துப் போடுறதோ? நீர் கொலிச் படிச்சனீர், உமக்குத் தெரியும்."

"வைகாசியிலை முடியுதெண்டு ஆரணி சொன்னவளோ?"

"அவளுக்கு எங்கை கதைக்க நேரம்? நான்தான் விரல் மடிச்சுப் பாத்தனான்."

"கொஞ்சம் பொறுத்து அடியுங்கோ அக்கா, சம்மருக்கு முதல் மலிவு விலை போடுவாங்கள்" என்றேன். கார்ட் அடிக்கிற கடையில் என்ன மலிவு விலை? நீ என்றால் இந்த இடத்தில் ஒரு சொல்லும் பொய் சொல்லாமல் தப்பியிருப்பாய். எனக்கு அந்த வித்தை வராது.

இதெல்லாம் நீ ஒரு பொதிக்கு 'ஓம்' சொன்னதால் வந்தது.

இரண்டு மாரிக்கு முன், ஒருவரும் எங்களை அம்மா என்று கூப்பிடாத ஒரு கிழமை வேண்டும் என்று நாங்கள் இருவரும் புறப்பட்ட பயணம் அது. கிறெனேடாவைத் தேர்ந்தவள் நான். ஒரு நாட்டின் தலைநகரத்தை ஒரு காலைப்பொழுதில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து முடிக்கவேண்டும் என்பது என் ஆசை. ரொறொன்ரோவில் வேலைக்குப் போய் வருவதற்குள்ளேயே அரை நாள் கழிந்துவிடுகிற எனக்கு அது பெரிய சொகுசாகத் தெரிந்தது. சென் ஜோர்ஜஸின் படம் பார்த்தேன். குதிரை லாடம் போல வளைந்த துறைமுகம், அதைச் சுற்றி மலைச்சரிவில் சிவப்பு ஓட்டுக் கூரைகள், உச்சியில் பீரங்கிகளோடு பழைய கோட்டை. எங்கே நடப்பது, எங்கே இருந்து கோப்பி குடிப்பது என்பதெல்லாம் மனதில் குறித்து வைத்திருந்தேன்.

நீ என்ன செய்தாய்? யாரோ வீட்டுப் பிறந்தநாள் விழாவில் வாயை விட்டாய். எங்கள் ஆட்களில் ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று தெரியாதவளா நீ? தபால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். 'உங்கடை பையிலை இடம் இருக்குமோ' என்று குரல் மெதுவாக வரும். மறுத்தால் பயணம் முடிந்த பிறகும் அந்தப் பேச்சு முடியாது. பிறம்ரனில் பொதிகள் அனுப்புகிற பண்டகசாலையில் பகல் முழுக்க நின்றவள் நீ. லீவிலும் அதையே சுமந்தாய்.

சுங்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய அம்மா ஒருவர் பொதியைப் பிரித்தாரே, நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சிவப்புத் தூளை மணந்து தும்மினார். கருவாட்டை விரல் நுனியால் தூக்கி, இது என்ன என்று கேட்டார். நீ ஒரு தயக்கமும் இல்லாமல், படிக்கிற பிள்ளைக்கு மருந்து மாதிரி, மேடம், என்றாய். என்ன படிக்கிறாள் என்று கேட்டார். டொக்டருக்கு என்றாய். "அப்படியானால் இதைச் சாப்பிடக்கூடாது என்று அவளுக்கே தெரிந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மட்டும், மிச்சத்தைத் திருப்பிக் கட்ட அவரிடமே நாடா கேட்டு வாங்கினாய்.

அந்த ஊரில் எனக்கு முதல் நாளே தோல்வி. சந்தையடியில் ஒரு சின்னக் கடைக்குள் போய்த் தண்ணீர்ப் போத்தல் என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரி சுவரைப் பார்த்தபடி "குட் மோர்னிங்" என்றாள். திரும்பவும் விலை கேட்டேன். திரும்பவும் சுவருக்குச் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் உரக்க. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. காசை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

நீ பின்னாலிருந்து முதுகில் இடித்தாய். "எடியே, முதல் குட் மோர்னிங் சொல்லடி. சொன்னா உன்ரை வாய் தேஞ்சுபோமே?"

நீ சொன்னாய். அவள் முகம் விரிந்தது. தண்ணீரும் கிடைத்தது, எந்த பஸ் எங்கே போகும் என்ற விபரமும் கிடைத்தது. அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. பாட்டு அலறுகிற அந்தச் சின்ன பஸ்ஸுக்குள் தலையை நுழைத்ததும் எல்லாருக்கும் கேட்க வணக்கம் சொல்வாய். முழு பஸ்ஸும் திருப்பிச் சொல்லும். இறங்க வேண்டிய இடத்தில் மணி இல்லை, கூரையில் தட்டவேண்டும் என்பதையும் நீதான் முதலில் கண்டுபிடித்தாய். தேவை இல்லாத இடத்திலும் தட்டினாய்.

உன்னோடு அப்படியே ஊர் சுற்றியிருக்கலாம். விடவில்லையே அந்தப் பொதி.

ஆரணிக்குப் போன் எடுத்தாய். "இண்டைக்கு வோர்ட்டிலை ட்யூற்றி அன்ரி, நானே வந்து எடுக்கிறன், நீங்கள் வரவேண்டாம்" என்றாள். அடுத்த நாள் எக்ஸாம். அதற்கடுத்த நாள் தலையிடி. மலைக்கு அடியால் போகிற அந்தப் பழைய சுரங்கப் பாதைக்குள், கார்கள் உரசிக்கொண்டு போக நாங்கள் சுவரோடு ஒட்டி நடந்தபோதும் அவளுடைய அழைப்பு வந்தது. நீ அந்த இடத்திலேயே நின்று, காதைப் பொத்திக்கொண்டு, "என்ன பிள்ளை? சாப்பிட்டனீயே?" என்று கத்தினாய். பின்னால் வந்த லொறிக்காரன் எங்களுக்காக நின்றான். அவனுக்கும் நீ கையாட்டினாய்.

பொதி ஹோட்டல் அறையில் இருந்தது. கருவாடு போய்விட்டாலும் அதன் ஆவி போகவில்லை. அறை கூட்ட வந்த பெண் மூக்கைச் சுளித்துவிட்டு இரண்டு யன்னலையும் திறந்துவிட்டுப் போனாள். நீயோ, பிள்ளை வந்தால் ஆள் வேண்டும் என்று கீழே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாய்.

"நான் கோட்டைக்குப் போகவேணும்," என்றேன்.

"கோட்டை எங்கையும் ஓடாது. பிள்ளை வந்து பாத்திட்டு, ஒருத்தரும் இல்லையெண்டு திரும்பிப் போனா?"

"அவளுக்குக் கால் இருக்கு. இன்னொருக்கா வருவாள்."

"படிக்கிற பிள்ளையடி. நித்திரை இல்லாமல் திரியும்."

கிழமை முடிகிற நேரம் என் பொறுமை போய்விட்டது. பொதியை வரவேற்பு மேசையில் விட்டுவிட்டு, வடக்கே இருக்கிற சின்னத் தீவுக்குப் படகில் போய் வருவோம், வராவிட்டால் நான் தனியப் போகிறேன் என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். துறைமுகக் கரையில் படகு ரிக்கற் விற்கிற நீலக் கூரைக் கவுண்டர். வரிசையில் எங்களுக்கு முன்னால் கோழிக்கூடையோடு ஒரு கிழவர் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பேர் சொல்லி அழைத்து, போன கிழமை நோவென்று சொன்ன முழங்கால் எப்படி என்று கேட்டாள். கோழிக்கு ரிக்கற் வேண்டாம், ஆனால் இந்த முறை கூடையைத் திறந்து விடக்கூடாது என்றாள். வரிசையே சிரித்தது. நல்ல தெளிவான, விளையாட்டான குரல்.

கிழவர் விலகினார். நீ குனிந்து "குட் மோர்னிங்" என்றாய்.

"குட் மோர்..." அவள் நிமிர்ந்தாள். "அன்ரி?"

ஆரணி.

நீ ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. எதிர்பார்த்து வந்தவள்போல, "ரெண்டு ரிக்கற் பிள்ளை. போய் வாற ரிக்கற்," என்றாய். அவள் இரண்டு ரிக்கற் கிழித்துத் தந்தாள். நீ மிச்சக் காசை வாங்கி, பணப்பையில் வைத்து, மூடி, அதன் பிறகுதான் கேட்டாய்: "எத்தினை மணிக்கு பிரேக்?"

அவளுடைய ஓய்வு நேரத்தில் கரையோரக் கல்லுக்கட்டின் மேல் மூவரும் இருந்தோம். எங்கள் படகு எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போயிற்று. கையில் ரிக்கற்றோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெயிலாகேல்லை அன்ரி," என்றாள். "எல்லாரும் அப்பிடித்தான் நினைப்பினம். ஐ வாஸ் ஓகே. ரெண்டாம் வருசம் காலமை எழும்பி, உடுத்து, பஸ் ஸ்ரொப்பிலை நிப்பன். பஸ் வரும். கால் ஏறாது. அடுத்த பஸ் வரும். அதுக்கும் ஏறாது. ஒருநாள் மற்றப் பக்கம் போற பஸ்ஸிலை ஏறினன். அது இஞ்சை கொண்டுவந்து விட்டுது. நாள் முழுக்க இந்தக் கட்டிலைதான் இருந்தன். தட் வாஸ் இற்."

"அம்மாவுக்கு ஒண்டும் தெரியாதே?" என்று கேட்டேன்.

"லோன் கிடைச்சிட்டுது, காசு அனுப்பவேண்டாம் எண்டு மட்டும் சொன்னனான். அம்மாட்டைக் காசு எடுக்கேல்லை அன்ரி, ப்ரொமிஸ்." அழத் தொடங்கினாள். "அம்மா அந்தக் கிச்சினிலை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. நான் எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு மாதம் தாங்கோ. நானே சொல்லுறன்."

அப்போதுதான் நீ அதைச் செய்தாய். அவளுடைய கையை எடுத்து உன் மடியில் வைத்து, "நாங்கள் ரெண்டுபேரும் வாய் திறக்கமாட்டம். நீயே சொல்லு. அதுதான் சரி," என்றாய். என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை. என் வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய்.

திரும்பும் வழியில் அந்தச் செங்குத்தான தெருவில், மழை திடீரென்று கொட்ட, பாதி ஏறிய இடத்தில் நின்று உன்னோடு சண்டை பிடித்தேன். இரண்டு தமிழ்ப் பொம்பிளைகள் நடுத்தெருவில் நனைந்தபடி கத்துவதை எதிர்வீட்டு யன்னலிலிருந்து ஒரு குடும்பமே பார்த்தது.

"என்ரை வாயை நீ எப்பிடிக் குடுப்பாய்? நாளைக்கு விமலாக்கா என்னட்டைக் கேட்டா?"

"பார்சல் கொண்டுபோறவை பார்சலைப் பிரிச்சுப் பாக்கிறேல்லை. எங்கடை வேலை சேர்க்கிறது. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு அனுப்பினவைக்கும் வாங்கினவைக்கும்தான் தெரியவேணும்."

"அதுதான் சுங்கத்திலை பிரிச்சிட்டினமே!"

நீ சிரிக்கத் தொடங்கினாய். நனைந்த சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறச் சிரித்தாய். எனக்கு உன்னை அறையவேண்டும் போல இருந்தது. பிறகு, எரிச்சலோடே நடந்து கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். மழை விட்டிருந்தது. கீழே முழுத் தலைநகரமும் கைக்கடக்கமாகத் தெரிந்தது. துறைமுகம், சந்தை, கூரை போன ஒரு தேவாலயம், ஒரு பொத்தான் அளவில் அந்த நீலக் கூரை. "பார், எவ்வளவு சின்ன ஊர்," என்றாய். "இதுக்குள்ளை ஒரு ஆள் ஒளிச்சிருக்கேலாது. தானாச் சொல்லுவாள்."

அங்கேதான் நீ பிழைவிட்டாய். அவள் அந்த ஊரில் ஒளிந்திருக்கவில்லை. அங்கே அவளை எல்லாருக்கும் தெரியும். அவள் ஒளிந்திருந்தது ரொறொன்ரோவிலிருந்து. இங்கே ஒரு ஆளை மறைக்க அவளுடைய தாயின் பெருமை ஒன்றே போதும்.

வந்து இறங்கிய அன்றே விமலாக்கா உனக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"பிள்ளை எப்பிடி? மெலிஞ்சிட்டாளோ?"

"இல்லை அக்கா, கொஞ்சம் கறுத்திட்டாள். வடிவா இருக்கிறாள். சிரிச்சுக் கதைக்கிறாள்."

"வேலை கூடவாமோ?"

"ஓம், சனம் வரிசையிலை நிக்குது. எல்லாற்றை பேரும் தெரிஞ்சு வைச்சிருக்கிறாள். ஒரு கிழவனுக்கு முழங்கால் நோ, அதைக்கூட விசாரிக்கிறாள்."

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தப் பக்கம் விமலாக்கா சந்தோசத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனை வைத்துவிட்டு நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் என்றவள் சொல்லவில்லை. நீ போன் எடுத்து அதட்டுவாய். அடுத்த மாதம் என்பாள். அதற்குள் உன் வயிற்று நோ வந்தது, அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்துகொண்டு, கையில் ஊசி ஏறியபடியே போனைத் தட்டி, பங்குனிக்கு இரண்டு விமான ரிக்கற் போட்டாய். சீற் சேல், மலிவு என்றாய். "போய் அவளின்ரை கையைப் பிடிச்சுச் சொல்லவைப்பம். இந்தமுறை பார்சல் ஒண்டும் இல்லை," என்றாய். நீ வரமாட்டாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் ரிக்கற்றை உன் கணவர் ரத்துச் செய்துவிட்டார். என்னுடையதை நான் விட்டுவைத்தேன். அந்தச் செய்தி எப்படியோ கசிந்து, இதோ, கராஜில் ஒரு பொதி.

உன் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று விமலாக்கா வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். சமையலறைத் தொப்பியைக் கழற்ற மறந்துபோயிருந்தார். உன் பெட்டிக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளை முதலே முடிச்சு வந்திருந்தா இவவுக்கு ஏதும் செய்திருப்பாள்" என்றார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் பதில் வைத்திருக்கும் வாய். அன்றைக்கு முதன்முதலாக எனக்கு உன்னில் வந்தது வெறும் எரிச்சல் இல்லை, கோபம். என்னைத் தனியே விட்டுப்போன கோபம் என்று உன் கணவர் சொல்லலாம். இல்லை. ஒரு தாயை அப்படி ஒரு வசனம் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய கோபம். அதில் பாதி ஆரணிக்கு, பாதி உனக்கு. மிச்சம் இருந்தால் எனக்கு.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியவை எவை என்று நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் ஏறும்போது இப்போது நான் எல்லாருக்கும் கேட்கக் காலை வணக்கம் சொல்கிறேன். வோர்டன் அவெனியூ பஸ்ஸில் அதற்கு ஒருவரும் பதில் சொல்வதில்லை. காதில் செருகியதைக் கழற்றி, என்னிடம் ஏதும் விற்க வந்தவளோ என்று பார்க்கிறார்கள். விடாமல் சொல்கிறேன். மற்றது, நீ என் பேரில் கொடுத்த வாக்கு. அதை என்னால் இறக்கி வைக்கவும் முடியவில்லை, கொண்டு திரியவும் முடியவில்லை.

நேற்று விமலாக்கா போன பிறகு ஆரணிக்கு எடுத்தேன். ஹோல், கார்ட் எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் படகின் ஊது சத்தம் கேட்டது. "அன்ரி, போனிலை என்னாலை ஏலாது. ஐ ட்ரைட். அம்மா ஹலோ எண்டு சொன்ன உடனை என்ரை குரல் போயிடுது," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த பஸ் தரிப்பில் கால் ஏறாமல் நின்றதுபோல இப்போது வாய் நிற்கிறது.

இன்று முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டு இருந்தேன். நீ சொன்னது பாதி சரி. சொல்லவேண்டியவள் அவள்தான். ஆனால் நீயும் நானும் இத்தனை நாளும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சுமந்தோம். இல்லாத ஒரு டொக்டருக்குத் தாய் கருவாடு கட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையில் இருக்கிற மகளை அவர் கண்டதே இல்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு வரிசை முழுவதையும் சிரிக்கவைத்த குரலை விமலாக்கா ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டோம். எங்களுக்கு என்ன உரிமை?

விமலாக்கா வைகாசிக்கென்று லீவு சேர்த்து வைத்திருக்கிறார். அதைப் பங்குனியிலேயே எடுக்கச் சொல்லப் போகிறேன். கார்ட்டை வந்த பிறகு அடிப்போம், முதலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள் என்பேன். வேறொன்றும் சொல்லமாட்டேன். இந்தப் பக்கம் விமானம் ஏற முதல் ஆரணிக்கு எடுத்து, அம்மாவும் வருகிறார் என்று மட்டும் சொல்லுவேன். அழுவாள். அழட்டும். இதை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, என் வீட்டிலும் சொல்லவில்லை, உன் கணவருக்கும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் நடுத்தெருவில் நின்று என்னோடு சண்டை பிடித்திருப்பாய்.

கவலைப்படாதே. நீ கொடுத்த வாக்கை மீறமாட்டேன். துறைமுகக் கரையில், படகுக்கு ரிக்கற் எடுக்கிற வரிசையில், விமலாக்காவை எனக்கு முன்னால் விடுவேன். நான் பின்னால் நிற்பேன். வாயே திறக்கமாட்டேன்.